நாற்பது டோக்கன்

எங்கள் குடியிருப்பின் கேட் திறப்பதற்குப் பதினொரு விநாடி ஆகிறது என்று கண்டுபிடித்தவர் முன்னாள் தலைவர் ரவிச்சந்திரன். காரில் உட்கார்ந்தபடி கைபேசியில் ஒரு வாரம் அளந்திருக்கிறார், காலையும் மாலையும். திங்கட்கிழமை காலையில் மட்டும் பதின்மூன்று. அந்தப் பட்டியலை அவர் வாட்ஸப் குழுவில் போட்டதும், படூரிலிருந்து கேளம்பாக்கம் வரை தினமும் வண்டிகள் நகராமல் நிற்பதற்கே இதுதான் காரணம் என்பதுபோல எல்லோரும் கோபப்பட்டார்கள்.

கேட்டைத் திறப்பது மித்ரன். மித்ரன் ஆள் இல்லை. போன பொங்கலுக்குச் சங்கம் வாங்கி வைத்த ஏஐ ஏஜென்ட். வாசலில் ஒரு கேமரா, ஒரு ஒலிபெருக்கி, எங்கோ தூரத்தில் ஒரு மூளை. வருகிறவர் யார் என்று பார்க்கும், பேசும், கேட்டைத் திறக்கும், தண்ணீர் லாரிக்குச் சொல்லி அனுப்பும். அது வந்த பிறகு மூன்று காவலாளிகளில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மிஞ்சிய சடையப்பன் பகலில் மட்டும் வருகிறார்.

குடியிருப்புக்கு ஓஷன் மெடோஸ் என்று பெயர். கடல் ஆறு கிலோமீட்டர் தள்ளி, கோவளத்தில். புல்வெளி இனிமேல்தான் வரவேண்டும். அறுபது வீடுகள்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது. மித்ரனைத் தந்த நிறுவனத்திலிருந்து அஸ்வத் என்ற இளைஞர் வந்திருந்தார். முகத்தில் தூக்கமின்மை தெரிந்தது.

"கேட்டுல ஒருத்தர் வந்து நின்னா, நீங்க எழுதிக் குடுத்த குறிப்பு எல்லாத்தையும் மித்ரன் முதல்ல ஒரு தடவை படிக்கும். அப்புறம்தான் முடிவெடுக்கும். ஒவ்வொருத்தருக்கும் முதல்லேர்ந்து படிக்கும். நேத்து படிச்சது இன்னைக்கு அதுக்கு ஞாபகம் இருக்காது."

"எங்க வீட்லயும் ஒண்ணு அப்படித்தான்," என்றார் ரவிச்சந்திரனின் மனைவி சுஜாதா.

சிரிப்பு அடங்கும்வரை அஸ்வத் காத்திருந்தார். "இப்ப பதினாலாயிரம் டோக்கன் ஏறிக் கிடக்கு. அதான் லேட்டு. நாலாயிரத்துக்குள்ள வெச்சீங்கன்னா மூணு செகண்ட்ல திறக்கும்."

டோக்கன் என்றால் என்ன என்று தலைவர் பார்த்தசாரதி கேட்டார். அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்பதை நிறுவுவதற்காகக் கேட்டார்.

"வார்த்தையை அது நறுக்கிப் படிக்கும் சார். ஒரு துண்டு ஒரு டோக்கன். இங்கிலீஷ்ல பெரும்பாலும் வார்த்தைக்கு ஒண்ணு. தமிழ்ல நாலு, அஞ்சு கூட ஆகும்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அடுத்த அரைமணி நேரம் கூட்டம் அவர் கையில் இல்லை. தமிழில் எழுதியவன் என்ன இளிச்சவாயனா என்று ஒருவர் கேட்டார். தமிழுக்கு நான்கு மடங்கு ஒதுக்க வேண்டும் என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். அப்படியானால் தெலுங்குக்கும் என்று சி பிளாக் எழுந்தது. வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பாதி போதும் என்று யாரோ பின்வரிசையில் சொல்லிவிட்டு, யார் சொன்னது என்று தானும் திரும்பிப் பார்த்தார்.

பார்த்தசாரதி பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். பிரித்துக் கொடுப்பதில் கைதேர்ந்தவர். "மித்ரனுக்கு மொழிச் சண்டை வேண்டாம். எல்லா வீடும் சமம். வீட்டுக்கு நாப்பது டோக்கன். அறுபது வீட்டுக்கு ரெண்டாயிரத்து நானூறு. பொது விதிகளுக்கு முந்நூறு. முகவுரைக்கு ஆயிரத்து முந்நூறு. கூட்டிப் பாருங்க, சரியா நாலாயிரம்." சரியாக வந்ததைத் தெய்வ சம்மதமாக எடுத்துக்கொண்டு கைகள் உயர்ந்தன.

"எம் பொண்ணு குறிப்பு இருநூத்திப் பன்னெண்டு இருக்கு சார்," என்று ஒரு குரல் வந்தது. டி பிளாக் தரைத்தளத்து ஷஃபானா. "அதுல ஒரு வார்த்தை போனாலும் எனக்குப் பயம்."

"சுருக்கலாம்மா. சுருக்கினா எதுவும் அழகாயிடும். நம்ம பட்டாபி இருக்காரே."

பட்டாபி நான்தான். செங்கல்பட்டு கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் தட்டச்சு செய்தேன். சாட்சி கால்மணி நேரம் பேசுவார், நீதிபதி அதை இரண்டு வரியாகச் சொல்வார், நான் அடிப்பேன். அழுததும் நிறுத்தியதும் அந்த இரண்டு வரியில் வராது. ஓய்வு பெற்ற பிறகு பேச்சு இன்னும் குறைந்துவிட்டது. நிறையப் படிக்கிறேன் என்பதும், பேசமாட்டேன் என்பதும் சேர்ந்து குடியிருப்பில் என்னைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்கியிருந்தன. அறுபது வீட்டின் குறிப்புகளையும் நாற்பது நாற்பதாக வெட்டித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. மறுப்பதற்கும் பேச வேண்டுமே என்று ஒப்புக்கொண்டேன்.

அஸ்வத் என் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். எழுத எழுத ஓரத்தில் எண்ணிக்கை ஏறும். மித்ரனுக்குப் போகும் அத்தனையும் அங்கே இருந்தது. "நாப்பதைத் தாண்டினா மீதியை அதுவே வெட்டிடும் சார். நீங்க சும்மா சேவ் பண்ணா போதும்," என்றார்.

பத்து நாள் வீடு வீடாகப் போனேன். தம் குறிப்பில் எதை எடுக்கலாம் என்று எவரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக் குறிப்பில் எதை எடுக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏ பிளாக்கில் ஒரு வீட்டின் குறிப்பில், கணவர் வந்த நேரத்தைத் தனக்குச் சொல்லும்படி மனைவி எழுதியிருந்தார். அதே குறிப்பின் அடியில், தான் வந்த நேரத்தை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கணவர் எழுதியிருந்தார். எதை வைத்துக்கொள்வது என்று இருவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இன்னொரு வீட்டில் ராகு காலத்தில் ஏசி மெக்கானிக்கை உள்ளே விடக்கூடாது. ரவிச்சந்திரன் வீட்டில், உள்ளே விடக்கூடாத உறவினர்கள் என்று ஒன்பது பேர். நாற்பதில் மூன்று பேர்தான் ஏறினார்கள். எந்த மூன்று பேர் என்று அவரும் சுஜாதாவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருப்பவரின் பூட்டிய வீட்டுக்கும் ஒரு குறிப்பு இருந்தது: அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்.

ஷஃபானா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். தள்ளிப்போட்டேன் என்பதுதான் சரி.

பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர் அவர். கூடத்தில் பாதி இடம் தையல் மெஷினும் நீலத் துணியும். கணவர் நௌஷாத் கோவளத்தில் படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஹனியா ஜன்னலோரம் உட்கார்ந்து நூல்கண்டில் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினாலு வயது. பேசுவதில்லை. நான் வந்ததை அவள் கவனித்தாள் என்பது, சுற்றும் வேகம் ஒரு நொடி குறைந்ததில் தெரிந்தது.

குறிப்பை ஷஃபானா மறுபடியும் படித்தார்.

"ஹனியா, பதினாலு வயசு, டி ஒன்று. பேசமாட்டாள். தனியாக வந்தால் கேட்டைத் திறக்காதே. ஆனால் திறக்கமாட்டேன் என்று சொல்லாதே. பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடாதே. மெதுவாக, ஒரே ஒரு தடவை, 'அத்தா பைக் எடுக்க போயிருக்காரு' என்று சொல். பிறகு ஒன்றும் பேசாதே. அவள் உட்கார்ந்துகொள்வாள். என்னைக் கூப்பிடு. நான் வரும்வரை வண்டி எதையும் விடாதே. ஹாரன் சத்தம் ஆகாது."

"இங்கிலீஷ்ல எழுதினா குறையும்னு அந்தத் தம்பி சொல்லுச்சு," என்றார். "எழுதிப் பார்த்தேன். எம்பது வருது. அப்பவும் அத்தா பைக்குன்னு தமிழ்லதானே சொல்லணும்? அவளுக்கு அந்த வார்த்தைதான் சார். அப்பா ஸ்கூட்டர்னு சொன்னா ஓடிருவா."

எண்ணிக்கை ஓடும் திரையை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வயதை எடுத்தேன். ஹாரனை எடுத்தேன். நூற்று எழுபது. அவர் ஒரு வரியை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"துணின்னா வெட்டிருவேன். தையலுக்கு அரை இஞ்ச் விட்டு வெட்டுவோம். இதுல எங்க விடறது?"

'பிறகு ஒன்றும் பேசாதே' என்ற மூன்று வார்த்தை மட்டும் பதினாறு டோக்கன் பிடித்தது. ஒரு இயந்திரத்தைச் சும்மா இருக்கச் சொல்வதற்கு இவ்வளவு ஆகிறது. நான் அறுபத்திரண்டு வருஷமாகச் செலவில்லாமல் செய்துவரும் காரியம்.

இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியது இது: "ஹனியா தனியாக வந்தால் திறக்காதே. அம்மாவைக் கூப்பிடு." முப்பத்தொன்பது. ஷஃபானா அதைப் பார்த்துவிட்டு மெஷினுக்குப் போனார். "யாரோ திருட்டுப் பொண்ணு மாதிரி இருக்கு சார்," என்றார் தைத்தபடியே.

என் வீட்டுக்குக் குறிப்பு எதுவும் இல்லை. என் நாற்பதை அவருக்குக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தசாரதியிடம் போய்க் கேட்டேன். அமெரிக்கக்காரரின் நாற்பதும் வீணாகத்தான் கிடக்கிறது என்றேன்.

"மாத்திக் குடுக்க ஆரம்பிச்சா நாளைக்கு பி பிளாக் ஒட்டுமொத்தமாச் சேர்ந்துடும் பட்டாபி. அப்புறம் எலெக்ஷன் எதுக்கு?"

"முகவுரை ஆயிரத்து முந்நூறு இருக்கிறது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதுல கை வைக்காதீங்க. அந்த வரிசை அமையறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு."

முகவுரை என்பது மித்ரனின் தொடக்க விழா அழைப்பிதழ். மித்ரன் யார், எங்கே வேலை செய்கிறது என்று நான்கு வரி எழுதித் தரும்படி அஸ்வத் ஆரம்பத்தில் கேட்டபோது, தொடக்கம் மங்களகரமாக இருக்கட்டும் என்று பார்த்தசாரதி அந்த அழைப்பிதழை அப்படியே கொடுத்துவிட்டார். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று பத்தொன்பது பெயர்கள், பட்டங்களோடு. யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்பதில் இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் போய், ஒருவர் வீட்டை விற்றுவிட்டே போனார். கேட்டில் யார் வந்து நின்றாலும் மித்ரன் அந்தப் பத்தொன்பது பேரையும் மரியாதையோடு ஒருமுறை படித்த பிறகுதான் வந்தவர் யார் என்று யோசிக்கும். அழைப்பிதழின் கடைசி வரியால் வேறொரு தொல்லையும் இருந்தது. "சாமி, கொரியர்காரனாண்ட மத்தியானம் வடை பாயசத்தோட சாப்பாடு கீதுன்னு சொல்லிச்சு," என்றார் சடையப்பன் ஒருநாள். "அவன் கேட்டாண்டயே ஒரு மணி நேரம் குந்திகினு இருந்தான்."

இதையெல்லாம் பார்த்தசாரதியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அமைதியானவர் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அமைதிக்கும் கோழைத்தனத்துக்கும் வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. உள்ளிருந்து தெரியும்.

நாலாயிரம் வரம்பு அமலுக்கு வந்த அன்று கேட் மூன்று விநாடியில் திறந்தது. ரவிச்சந்திரனே அளந்து சொன்னார். குழுவில் கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. ஐந்து நாள் எல்லாம் நன்றாக இருந்தது.

ஆறாம் நாள் காலை ஒன்பதரை மணிக்குச் சடையப்பன் என் கதவைத் தட்டினார். மூச்சு வாங்கியது.

"சாமி, பாப்பா ஓடிச்சு. டி பிளாக்கு பாப்பா. நான் பின்னால தண்ணி வால்வாண்ட இருந்தேன். லாரி வெளிய போவ சொல்ல கேட்டு தொறந்து கெடந்துச்சா, பூந்து போய்டுச்சு."

கேமராப் பதிவைப் பின்னால் பார்த்தோம். ஹனியா நடந்து வந்து கேட்டின் முன்னால் நிற்கிறாள். மித்ரன் குறிப்பில் இருந்தபடி கேட்டைத் திறக்கவில்லை. குறிப்பில் இருந்தபடி அம்மாவைக் கூப்பிட்டது. ஷஃபானா குளியலறையில் இருந்தார். கைபேசி மெஷின் மேல் அடித்துக்கொண்டிருந்தது. மற்றதற்குப் பொது விதி: வருபவரைப் பெயர் சொல்லி வணங்க வேண்டும், மறுத்தால் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் மீண்டும் சொல்ல வேண்டும். "வணக்கம் ஹனியா. உங்களுக்குக் கேட் திறக்க அனுமதி இல்லை. உங்கள் அம்மாவை அழைக்கிறேன். தயவுசெய்து காத்திருக்கவும். வணக்கம் ஹனியா." லாரிச் சத்தத்துக்கு ஏற்ப அது குரலை உயர்த்தியது. அப்படி ஒரு வசதி அதில் உண்டு. ஹனியா காதைப் பொத்திக்கொண்டாள். ஐந்தாவது வணக்கத்தில் லாரிக்குக் கேட் திறந்தது.

நான் ஸ்கூட்டரை எடுத்தேன். ஷஃபானா நௌஷாத்துக்குப் போன் செய்துவிட்டு ஈரத்தலையோடு பின்னால் ஏறிக்கொண்டார். பெரிய சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே கேளம்பாக்கம் போனோம். பேருந்து நிறுத்தத்தில் கேட்டோம், பழக்கடையில் கேட்டோம். நீலச் சட்டைப் பெண்ணா என்று ஒருவர் கோவளம் சாலைப் பக்கம் கையைக் காட்டினார். அந்தச் சாலை உப்பங்கழியைத் தாண்டிப் போகும். நடைபாதை கிடையாது. மணல் லாரிகள் உண்டு.

கழியின் மேல் பாலத்தில் நௌஷாத்தின் பைக் சாய்ந்து நின்றது. கோவளத்திலிருந்து வந்தவர் எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டார். ஹனியா கைப்பிடிச் சுவரின் மேல், கால்களைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பு இல்லை. ஒரு காலில் ரத்தம். நௌஷாத் பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கிட்டே வரவேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார்.

நாங்களும் உட்கார்ந்தோம். லாரிகள் போயின. கீழே ஓதநீர் கடல் பக்கம் வடிந்துகொண்டிருந்தது. வலைக்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி எங்களைப் பார்த்தார், பிறகு வலையைப் பார்த்தார். என் வாழ்நாளில் எத்தனையோ மணி நேரம் பேசாமல் இருந்திருக்கிறேன். அவ்வளவும் பழக்கம். அன்றைக்குத்தான் அதற்கு ஒரு வேலை இருந்தது.

அரைமணி நேரம் இருக்கும். நௌஷாத் எழுந்து, யாரையும் பார்க்காமல், "அத்தா பைக் எடுக்க போறேன்," என்றார் மெதுவாக. ஹனியா காலை இந்தப் பக்கம் போட்டு இறங்கினாள். ஷஃபானா தன் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து அவள் காலில் கட்டினார். அப்புறம்தான் அழுதார்.

"இன்னா சார் இது," என்றார் நௌஷாத் என்னிடம். கோபம் வரவில்லை அவருக்கு. களைப்புதான் இருந்தது. "ஒரு புள்ளையப் பத்திச் சொல்றதுக்கு எடம் இல்லன்னா, அந்த மெஷினுல வேற இன்னாதான் வெச்சிருக்கீங்க?"

பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். எல்லோரும் வருத்தம் தெரிவித்தார்கள். பார்த்தசாரதி ஷஃபானாவின் பக்கம் கைகூப்பினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நல்லபடியா கிடைச்சுட்டா, ஆண்டவன் புண்ணியம். ஆனா ஒண்ணு சொல்லணும். மித்ரன் தப்பு பண்ணலை. குறிப்புல என்ன இருந்துதோ அதைச் செஞ்சுது. குறிப்பை இன்னும் கொஞ்சம் திறமையா எழுதியிருக்கலாம். அதுக்கு ஒரு துணைக்குழு போடலாம்னு நினைக்கறேன்."

துணைக்குழுவுக்குத் தலைவர் யார் என்று பேச்சு தொடங்கியது. நான் எழுந்து நின்றேன். நான் எழுந்ததைப் பார்த்துத் தண்ணீர் வேண்டுமா என்று ஒருவர் கேட்டார்.

"மித்ரன் படிப்பதை ஒருமுறை படித்துக் காட்டுகிறேன்," என்றேன்.

முகவுரையிலிருந்து ஆரம்பித்தேன். 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம் இரண்டாம் நாள்' என்று தொடங்கி, ஓஷன் மெடோஸ் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற செயற்பொறியாளர், நற்பணிச் செம்மல் பார்த்தசாரதி அவர்கள் தலைமையிலும், செயலாளர் அல்ஹாஜ் மொய்னுதீன் அவர்கள் முன்னிலையிலும் என்று ஒருவர் விடாமல் படித்தேன். வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது அந்த இயந்திரம் இதைப் படித்துக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் இருந்தும் மனிதர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெயர் வந்தபோது அந்தந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினோராவது பெயரில் ஒருவர் குறுக்கிட்டு, தன் பட்டம் ஒன்று விட்டுப்போயிருப்பதாகச் சொன்னார். நான் முடித்ததும் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"எவ்ளோ கம்பீரமா இருக்கு," என்றார் ரவிச்சந்திரன். அழைப்பிதழில் அவர் வாழ்த்துரை, நான்காவது பெயர். "இது போய் அந்த மெஷினுக்குள்ள கிடந்து என்ன பிரயோஜனம்? மனுஷன் ஒருத்தனாவது பார்க்கறானா?"

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. நல்ல எண்ணத்தின் வழியாக அது வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"கல்லில் வெட்டி வைக்கலாம்," என்றேன். "கேட்டுக்குப் பக்கத்தில், கருங்கல்லில். மாமல்லபுரத்தில் எழுத்து வெட்டுகிறார்கள். ஆயிரம் வருஷம் இருக்கும்."

கூட்டம் அமைதியானது. எனக்குப் பிடித்த வகை அமைதி இல்லை. எல்லோரும் தங்கள் பெயரைக் கருங்கல்லில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆனால் கல்லில் வந்த பிறகு மெஷினிலும் இருப்பது அழகில்லை," என்றேன். "கோவில் கல்வெட்டை யாராவது வாட்ஸப்பிலும் போடுவார்களா?"

"கூடாது," என்றார் பார்த்தசாரதி உடனே. "கல்லோட மரியாதை போயிடும்." தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஷஃபானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்தில் கூட்டத்தில் நான் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியதில் பாதி பொய்.

வீட்டுக்குப் போனதும் கணினியைத் திறந்து முகவுரையை அழித்தேன். பத்தொன்பது பேரும் ஒரே தட்டில் போனார்கள். அந்த இடத்தில் 'நீ ஓஷன் மெடோஸ் குடியிருப்பின் கேட்டைக் கவனிக்கும் ஏஜென்ட்' என்று எழுதினேன். ஷஃபானாவின் குறிப்பு என்னிடம் பழையபடி முழுதாக இருந்தது. நாற்பதுக்கு மேல் வெட்டும் கணக்கிலிருந்து டி ஒன்றை விலக்கச் சொல்லி அஸ்வத்துக்குப் போன் செய்து, குறிப்பை மறுபடி ஏற்றினேன். காரணம் கேட்காமல் செய்து கொடுத்தார். "இன்னொரு எடத்துல முகவுரையில சாமி பேரு நூத்தியெட்டும் போட்டிருக்காங்க சார்," என்றார். குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

மறுநாள் கேட் இரண்டு விநாடியில் திறந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. தங்கள் பெயர் நீக்கப்பட்டது எவருக்கும் தெரியவில்லை. அதை ஒருநாளும் படித்தது மித்ரன் ஒன்றுதானே.

கல்லுக்கு மாமல்லபுரம் போனேன். பேருந்து நிலையத்திலிருந்து தெற்கே போகும் சாலையில், தகரக் கொட்டகைக்குள் மெஷின் வைத்து எழுத்து வெட்டும் செங்கமலம் என்பவரைச் சொன்னார்கள். முகத்தில் கட்டிய துணியைத் தளர்த்தி, நான் கொடுத்த தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"இன்னாங்க இது, கல்யாணப் பத்திரிகையா? பொண்ணு மாப்ள பேரு எங்க?"

"ஒரு மெஷினுக்கு விழா எடுத்தோம்."

"அதுக்கு இத்தினி பேரா?" கல்லைக் கையால் தட்டிக் காட்டினார். "நாலடிக்கு மூணடிதான் கீது. இது எல்லாம் ஏறாது. பட்டத்தையாவது எடுத்துகினு வாங்க. இல்லன்னா பாதிப் பேரை எடுங்க."

அதை அப்படியே கமிட்டியில் சொன்னேன். எந்தப் பாதி என்ற பேச்சு அன்று ஆரம்பித்தது. மூன்று மாதம் ஆகிவிட்டது. பார்த்தசாரதியும் ரவிச்சந்திரனும் தனித்தனியே செங்கமலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று கேள்வி. கேட்டைப் பற்றியோ டோக்கனைப் பற்றியோ இப்போது யாரும் பேசுவதில்லை.

முகவுரையை அழித்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஷஃபானா வீட்டுக்குப் போனேன். குறிப்பு திரும்பிவிட்டதைத் திரையில் காட்டினேன். அவர் ஒரு தடவை படித்தார். விரலை வைத்து இன்னொரு தடவை படித்தார்.

"இன்னும் எடம் கீதா சார்?"

"ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது."

"அவ்ளோவா." ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். மாடியில் யாரோ மிக்ஸி ஓட்டினார்கள், ஹனியா காதைப் பொத்தினாள், மிக்ஸி நின்றதும் எடுத்தாள்.

"இத்தினி நாளு எழுதினது எல்லாம் திறக்காதே, சொல்லாதே, விடாதே," என்றார் ஷஃபானா. "எடம் இல்லன்னு பயந்து பயந்து அதையே எழுதிகினு இருந்துட்டேன். அவ கேட்டாண்ட எதுக்குப் போறா? வெளிய போவத்தான் போறா. யாராவது கூடப் போனா போவட்டும்னு நான் ஒருநாளும் எழுதல. எழுதறதுக்கு அப்படி ஒரு ஆளும் இல்ல." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அன்னிக்குப் பாலத்துல ஒரு வார்த்தை பேசல சார். அவ உங்களைத் திரும்பிக்கூடப் பாக்கல. அவளுக்குப் புடிச்சிருந்தா அப்படித்தான் இருப்பா."

மறுப்பதற்குப் பேசவேண்டியிருந்தது. இம்முறை அவளோடு நடக்க ஒப்புக்கொண்டது அதனால் இல்லை.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கோர்ட்டில் நடந்ததுபோல யாரும் நடுவில் அதைச் சுருக்கவில்லை. ஹனியா பட்டாபி சாருடன் வந்தால் கேட்டைத் திற. வணக்கம் சொல்லாதே. நேரம் கேட்காதே. கொஞ்ச தூரம் போனதும் அவள் திரும்பிப் பார்ப்பாள், அப்போது கேட்டை மூடாதே, திறந்தே வை. போகலாமா வேண்டாமா என்று அவளே முடிவு செய்வாள். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகலாம். ஆகட்டும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இருவரும் கேட்டுக்குப் போனோம். திறந்தது. நான் வெளியே நடந்தேன், அவள் பத்தடி பின்னால். வாசல் மரத்தடியைத் தாண்டியதும் நின்று திரும்பிப் பார்த்தாள். ரவிச்சந்திரனின் கார் உள்ளிருந்து வந்து நின்றது. கேட் திறந்து கிடந்ததால் அவர் நேராக வெளியே போயிருக்கலாம். ஆனால் வழியில் ஹனியா நின்றிருந்தாள். அவர் ஹாரனில் கை வைத்ததைப் பார்த்தேன். என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார், கையை எடுத்துவிட்டார். கைபேசியை எடுத்து எதையோ அளக்க ஆரம்பித்தார்.

நான்கு நிமிஷம் சொச்சம். பிறகு ஹனியா கோவளத்துப் பக்கம் திரும்பி, என்னைத் தாண்டி முன்னால் நடந்தாள்.